கடிக்கும் எலியும் கைப்பழக்கமும்

இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு

எலி என்றவுடன் எங்கள் வீட்டில் நினைவுக்கு வருவது கிட்டிதான். காவிரிக் கடைமடைப் பகுதியில் நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் வயலில் எலி வெட்டுத் தொடங்கிவிடும். என் தந்தை மாலையில் மூங்கில் கிட்டிகளைத் தோளில் சுமந்து சென்று வரப்போரம் வைத்துவிட்டு வருவார். விடியலில் போய் எண்ணுவார். சிறு வயதில் நானும் உடன் சென்று எண்ணியிருக்கிறேன். அத்தகைய வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன், இரண்டு எலிகளைக் கூண்டில் வளர்த்து, அவற்றின் நம்பிக்கையைப் பெறுவது எவ்வாறு என்று ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதினால் சிரிப்பதற்கு இடமுண்டு. என் தாயார் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

எலிகளை நான் விலைக்கு வாங்கவில்லை. நகரத்து உறவினர் ஒருவர் தம் பிள்ளைகளுக்காக வாங்கியவை அவை. பிள்ளைகள் வாலைப் பிடித்துத் தூக்கி விளையாட, எலிகள் கடிக்க, "விலங்கியல்தானே படிக்கிறாய்" என்று கூண்டோடு என்னிடம் தள்ளிவிட்டார். இரண்டும் பெண். ஒன்று முழு வெள்ளை, சிவந்த கண். அதற்கு வெள்ளச்சி என்று பெயரிட்டோம். மற்றொன்றுக்கு உடல் வெள்ளை, தலை மட்டும் கறுப்பு. முண்டாசு கட்டியதுபோல் இருந்ததால் முண்டாசு. முதல் நாள் கூண்டின் மேல் கதவைத் திறந்து கையை விட்டேன். வெள்ளச்சி சுட்டுவிரலில் ஆழப் பதித்துவிட்டது. நான் வெடுக்கென்று கையை இழுத்தேன், தோல் கிழிந்தது. அந்த ஒரே கணத்தில் நான் இரண்டு தவறுகள் செய்திருந்தேன் என்பது பின்னர்தான் விளங்கியது.

இவ்விடத்தில் இனத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் வயலைக் கெடுப்பவற்றில் முதன்மையானது பண்டிகோட்டா பெங்காலென்சிஸ். கூண்டில் வளரும் எலியோ ரேட்டஸ் நார்வெஜிகஸ் எனும் பழுப்பு எலியின் வழிவந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் விஸ்டார் நிறுவனத்தில் 1906-இல் வளர்க்கத் தொடங்கிய வெள்ளெலி வகை உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் பரவியது. பழகும் குணத்தில் பிறப்புக்கும் பங்குண்டு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 1972-இல் தொடங்கிய ஆய்வில், காட்டிலிருந்து பிடித்த பழுப்பு எலிகளின் வழித்தோன்றல்களை, மனிதக் கையைக் கண்டு அவை நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் அளவாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக இரு வழிகளாகப் பிரித்து வளர்த்தனர். ஒரு வழி கையோடு இழைந்தது. மறு வழி கையைக் கண்டாலே பாய்ந்தது. ஆதலின் எல்லா எலியும் ஒரே அளவுக்குப் பழகும் என்று யாரும் உறுதி கூற இயலாது.

ஆனால் என் எலிகள் பாயவில்லை. மூலையில் ஒடுங்கிக் கிடந்தன; கை நெருங்கியபோதுதான் கடித்தன. மேலிருந்து இறங்குவது எதுவாயினும் எலிக்கு அது ஆந்தைதான். நம் ஊரில் வயல் நடுவே தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு ஆந்தை அமர இடம் செய்கிறோம் அல்லவா? எலியின் கண்களும் அந்த ஆந்தைக்காகவே அமைந்தவை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் எலிகளின் தலையில் மிகச் சிறிய கேமராக்களைப் பொருத்தி, 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் காட்டினர். ஓடும்போது எலியின் இரு கண்களும் தனித்தனியே, சில வேளை எதிரெதிராகக்கூட அசைகின்றன. எனினும் தலைக்கு மேலுள்ள வானம் மட்டும் பார்வையிலிருந்து விலகுவதே இல்லை. அதிலும் சிவந்த கண் எலிக்குப் பார்வை மங்கல். வெள்ளச்சி தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்பதைக் கண்டு நோயென்று அஞ்சினேன். அது தொலைவை அளந்து பார்க்கும் முறையாம்.

கையை மேலிருந்து விட்டது முதல் தவறு. வெடுக்கென்று இழுத்தது இரண்டாவது. கடித்தால் கை ஓடிவிடும் என்ற பாடத்தை அன்று நானே அதற்குக் கற்பித்துவிட்டேன். அடித்திருந்தால் இன்னும் கேடு. கை என்பது ஆந்தையேதான் என்று ஐயமற உறுதியாகியிருக்கும்.

கடிபட்ட விரலைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். எலிக்கடியால் வரும் காய்ச்சல் வேறு, எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் வேறு. எதுவாயினும் கடித்த சில நாட்களில் காய்ச்சலோ மூட்டு வலியோ கண்டால் மருத்துவரிடம் எலிக்கடியைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வழி காட்டியவர் என் தந்தையே. எலி மருந்து வைப்பதில் அவர் தேர்ந்தவர். புதிய பொருள் எதையும் எலி உடனே தொடாது என்பதை அவர் எந்நூலிலும் படித்ததில்லை. முதல் மூன்று நாட்கள் எண்ணெய் பிசறிய வெறும் அரிசியை மட்டும் வளைவாயில் வைப்பார். எலி ஐயம் தீர்ந்து உண்ணப் பழகிய பின், நான்காம் நாள் அதே அரிசியில் நஞ்சைக் கலப்பார். கடிபட்ட அன்றிரவு அவரிடம் வழி கேட்டபோது, "பழக்கணும்டா. அவசரப்பட்டா எலி வராது" என்றார். அவருடைய முறையையே நானும் கைக்கொண்டேன். என் கணக்கில் நான்காம் நாள் மட்டும் கிடையாது.

ஒரு வாரம் கூண்டைத் தொடவே இல்லை. உணவும் நீரும் வைப்பதோடு சரி. மாலையில்தான் எலி விழித்து நடமாடும். அவ்வேளையில் பக்கத்தில் அமர்ந்து முதுகுநாணிகள் பாடத்தை உரக்கப் படித்தேன். நான் உடுத்திக் கழற்றிய பழைய சட்டையைக் கிழித்து ஒரு துண்டை உள்ளே போட்டேன். எலியின் உலகம் மணத்தால் ஆனது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண் ஒருவர் அணிந்த சட்டையின் மணமே எலிகளிடம் அச்சத்தின் அறிகுறிகளை எழுப்பப் போதுமானது. பழகப் பழக அது குறைகிறது. என் தங்கை கைக்கு முண்டாசு விரைவில் இணங்கியதற்கு இதுவே காரணமோ என்னவோ. தங்கையோ தன் குணமே காரணம் என்கிறாள். மூன்றாம் நாள் அச்சட்டைத் துணி இழுத்துச் செல்லப்பட்டுக் கூட்டுக்குள் படுக்கையாகிவிட்டது.

அடுத்து நீண்ட மரக்கரண்டியின் நுனியில் தயிர் தடவிப் பக்கவாட்டிலிருந்து, தரையோடு தரையாக நீட்டினேன். தயிருக்குக் காரணம் உண்டு. கடலைப் பருப்பை நீட்டினால் எலி வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓடும். விரலையும் சேர்த்துப் பறிக்கும். தயிரைப் பறிக்க இயலாது, நின்று நக்கத்தான் வேண்டும். நாள்தோறும் கரண்டிக் காம்பில் என் பிடியை அரை விரற்கடை முன்னால் நகர்த்தினேன். எலி பின்வாங்கினால் கரண்டியும் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றது, துரத்திச் சென்றதில்லை. வர மறுக்கும் உரிமையும் அதற்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதே இதில் கடினமான பகுதி. கூண்டுக் கம்பியின் இடுக்கு வழியாக எதையும் ஊட்டலாகாது. கம்பிக்குள் நுழைவதெல்லாம் தின்பண்டம் என்று எலி கற்றுக்கொண்டால் பிறகு விரலைக் குறை கூறிப் பயனில்லை.

இருபத்தாறாம் நாள் முண்டாசு என் விரல் நுனியை நக்கியது. பின்னர் உள்ளங்கையில் ஏறிற்று. தூக்கும்போது வாலைத் தொடாமல், மார்பின் கீழ் ஒரு கையும் பின்கால்களின் கீழ் ஒரு கையுமாக ஏந்த வேண்டும். மனம் நிறைந்த எலி பல்லை மெல்ல நறநறக்கும், கண்கள் துடிக்கும். அமெரிக்காவில் ஜாக் பாங்க்செப் என்பவர் 1990-களின் பிற்பகுதியில், எலிகளைக் கூச்சங்காட்டி விளையாடினால் அவை 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலியெழுப்புவதைக் கண்டார். அஞ்சும்போது எழுப்புவது 22 கிலோஹெர்ட்ஸ் அளவில். நம் செவியின் எல்லை 20. ஆக, அந்த முதல் நாளில் வெள்ளச்சி கடிப்பதற்கு முன் கத்தியிருக்கவும் கூடும், எனக்குத்தான் கேட்கவில்லை.

வெள்ளச்சியின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. கரண்டி வரை வந்தது. தீபாவளி வெடிச்சத்தத்தில் எல்லாம் போயிற்று. மறுநாள் மறுபடியும் கடித்தது. இம்முறை கையை இழுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாதிருந்தேன், அதுவே விட்டுவிட்டது. பழையபடி சட்டைத் துணியிலிருந்து தொடங்கினேன். எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. அதில் பல மாதங்களை அச்சத்தில் கழித்த எலியிடம் என் பொறுமையைப் பற்றிப் பெருமை பேச எனக்கு நாணமாயிருந்தது. இன்றும் அது என் கையில் ஏறுவதில்லை, கடிப்பதுமில்லை.

தை அறுவடைக்கு முன் ஓர் இரவு, கிட்டி வைத்துவிட்டு வந்த அப்பா இரண்டு முறை சோப்பு போட்டுக் கை கழுவினார். எலி மணம் கையில் இருக்கக் கூடாதாம். பிறகு கூண்டருகே வந்து அமர்ந்து, "கரண்டியைக் குடு" என்றார்.

"மேலேருந்து கொண்டு போகாதீங்கப்பா" என்றேன்.

"தெரியும்டா" என்றார்.

முண்டாசு வந்து நக்கியது. வெள்ளச்சி துணிக்குள்ளிருந்தே தலையை இடமும் வலமும் ஆட்டி அவரை அளந்து பார்த்தது. தயிர் தீரும் வரை அப்பா கையை அசைக்கவில்லை. விடிந்ததும் வழக்கம்போல் வயலுக்குச் சென்று கிட்டிகளை எண்ணினார். அன்று பதினோரு எலிகள்.