இல்லாத நாட்டின் நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து அமைந்தமை மிகவும் பொருத்தமே. பொற்காசைப் பெறுபவன் ஓர் உலோகத்தைப் பெறுகிறான். கடதாசி நோட்டைப் பெறுபவனோ ஒரு வாக்குறுதியையே பெறுகிறான். அவ்வாக்கை அளித்தவர் யார், அதனை நிறைவேற்றும் ஆற்றல் அவருக்கு உண்டா என்று நாம் நாள்தோறும் ஆராய்வதில்லை. ஆராயாது விட்டால் யாது நேரும் என்பதற்கு, ஒருபோதும் இருந்திராத ஒரு நாட்டின் பெயரால் வெளிவந்த டொலர் நோட்டுகள் சான்று பகர்கின்றன.

அந்த நாட்டின் பெயர் பொயாயிஸ். அதனைப் படைத்தவர் 1786இல் ஸ்கொத்லாந்திலே பிறந்த கிரெகர் மக்கிரெகர் என்பவர். வெனிசுவேலாவின் விடுதலைப் போரிலே பொலிவாரின் கீழ்ப் பணியாற்றித் தளபதிப் பதவி பெற்றவர் அவர். 1820ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மத்திய அமெரிக்காவின் மொஸ்கிற்றோக் கரையை ஆண்ட மன்னரிடமிருந்து, மதுவும் அணிகலன்களும் கைம்மாறாகக் கொடுத்து, ஏறக்குறைய 80 இலட்சம் ஏக்கர் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் ஒன்றைப் பெற்றார். இன்று அப்பகுதி ஹொண்டுராஸ் நாட்டைச் சேர்ந்தது. அங்கே இருந்தது காடு. ஆனால் 1821இல் இலண்டனுக்கு மீண்ட மக்கிரெகர், தம்மைப் பொயாயிஸ் நாட்டின் தலைவர் என்று அறிவித்துக்கொண்டார். கொடி, இலச்சினை, அரசியலமைப்பு, சென் ஜோசப் என்னும் தலைநகர், அந்நகரில் தேவாலயம், நாடக அரங்கு, வங்கி ஆகிய யாவும் அவருடைய எழுத்திலே உருவாயின. நாட்டின் வளத்தைப் புகழ்ந்து 350 பக்கத்துக்கு மேற்பட்ட நூலொன்றும் 1822இல் வெளிவந்தது.

கற்றவரும் இதனை நம்பியது எங்ஙனம் எனின், காலம் அதற்கு இடமளித்தது. ஸ்பானியப் பேரரசு உடைந்து, தென் அமெரிக்காவிலே புதிய நாடுகள் தோன்றிக்கொண்டிருந்த காலம் அது. 1822இலேயே கொலொம்பியா, சிலி, பெரு ஆகியவற்றின் கடன் முறிகள் இலண்டனிலே விலைப்பட்டன. அவற்றின் வரிசையில் இன்னுமொரு பெயரைக் கேட்டவர்கள் வியப்படையவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், பொயாயிஸ் அரசின் பெயரால் 2 இலட்சம் பவுண் கடன், நூற்றுக்கு 6 வட்டியுடன், 100 பவுண் முறி 80 பவுண் விலையாக அளிக்கப்பட்டது. பிரித்தானிய அரசாங்கத்தின் முறிகள் தந்த வருவாய் இதனிலும் குறைவாகவே இருந்தது. மேலும், மக்கிரெகர் கூறியவற்றுள் மெய்யும் கலந்திருந்தது: அவர் மெய்யாகவே போர் கண்ட தளபதி; அந்தக் கரையும் மெய்யாகவே உள்ள கரை. முழுப் பொய்யை மறுப்பது எளிது. மெய் கலந்த பொய்யை மறுப்பது அரிது.

இனி, நோட்டுகளைக் காண்போம். எடின்பரோ நகரிலே பெயர்பெற்ற செதுக்கு வினைஞரான லிசார்ஸ் அவற்றைச் செதுக்கி அச்சிட்டார். பொயாயிஸ் வங்கியின் பெயரும் நாட்டின் இலச்சினையும் பொறித்த அந்த நோட்டுகள், தோற்றத்திலே எந்த நல்ல வங்கியின் நோட்டுக்கும் இளைத்தவையல்ல. ஸ்கொத்லாந்து மக்களோ தனியார் வங்கிகளின் கடதாசி நோட்டுகளை நெடுங்காலமாகக் கையாண்டு பழகியவர்கள். இங்கிலாந்திலும் 1797 முதல் 1821 வரை நோட்டுக்குப் பொன் கொடுக்கும் கடமை நிறுத்திவைக்கப்பட்டிருந்தமையால், கடதாசியையே பணமாகக் கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். எடின்பரோ வங்கியொன்றின் நோட்டின்மீது ஐயம் எழுந்தால், அதனை வைத்திருப்பவர் அவ்வங்கியின் வாயிலுக்குச் சென்று பணம் கேட்கலாம். கொடுக்காவிடின் அன்றைக்கே ஊரறிந்துவிடும். பொயாயிஸ் நோட்டுக்கோ பணம் பெறக்கூடிய இடம் அந்நாட்டுத் தலைநகரிலுள்ள வங்கி மாத்திரமே. வாக்கைச் சோதிக்கும் இடம் பெருங்கடலுக்கு அப்பால் இருந்தது. குடியேறப் புறப்பட்டவர்கள், தாம் போகும் நாட்டிலே செல்லும் பணம் இதுவே என்று கருதி, தம் சேமிப்பான பவுண்களைக் கொடுத்து இந்த டொலர்களை வாங்கிக்கொண்டனர். பவுண்கள் பிரித்தானியாவிலே தங்கின, டொலர்கள் கப்பலேறின.

1822 செப்தெம்பரில் ஏறக்குறைய 70 பேருடன் ஒரு கப்பல் இலண்டனிலிருந்தும், 1823 ஜனவரியில் ஏறக்குறைய 200 பேருடன் இன்னொரு கப்பல் லீத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டன. உழவர், கைவினைஞர், வைத்தியர், எழுதுவினைஞர் எனப் பலதிறத்தாரும் அவற்றிலே சென்றனர். கரையிறங்கியவர்கள் கண்டவை அடர்ந்த காடும், முன்னொரு காலத்தில் ஆங்கிலேயர் குடியிருந்து கைவிட்ட இடத்தின் சிதைவுகளுமே. தலைநகரும் இல்லை, வங்கியும் இல்லை, நோட்டை நீட்டினால் பெற்றுக்கொள்ள ஒரு கடைகூட இல்லை. மழையும் காய்ச்சலும் தொடர்ந்தன. அரசகுமாரியின் செருப்புத் தைப்பவராக நியமனம் பெற்றுக் குடும்பத்தைப் பிரிந்து வந்த தொழிலாளி ஒருவர் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். 1823 மே மாதத்தில் பெலீஸ் பகுதியிலிருந்து வந்த கப்பலொன்று அவர்களைக் கண்டது. பின்னர், மொஸ்கிற்றோ மன்னரும் நில உரிமையைத் தாம் முன்னமே இரத்துச் செய்துவிட்டதாகத் தெரிவித்தார். எஞ்சியோர் பெலீசுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். புறப்பட்டவர் ஏறத்தாழ 250 பேர். அவருள் 180 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். பிரித்தானியாவுக்கு மீண்டவர் 50 பேருக்கும் குறைவே.

மீண்டவருட் சிலர் மக்கிரெகரைக் குறை கூற மறுத்து, அவருடைய உதவியாளர்மீதே பழியைச் சுமத்தினர் என்பது வியப்பிலும் வியப்பு. அவர் பாரிசுக்குச் சென்று மீண்டும் அதே முயற்சியைத் தொடங்கினார், அங்கே வழக்கும் நடந்தது, 1826இல் விடுதலையானார். இறுதியில் வெனிசுவேலாவிலே தளபதிக்குரிய ஓய்வூதியத்துடன் வாழ்ந்து, 1845இல் கராகஸ் நகரிலே மரியாதைகளுடன் அடக்கஞ் செய்யப்பட்டார்.

பொயாயிஸ் நோட்டுகளை இன்று சேகரிப்பாளர் விலை கொடுத்து வாங்குகின்றனர். வழங்க வேண்டிய காலத்திலே ஒரு பிடி அரிசியையும் பெற்றுத் தராத கடதாசி, வரலாற்றுப் பொருளான பின்னர் மதிப்புப் பெற்றுவிட்டது. அந்நோட்டிலே அச்சும் இருந்தது, இலச்சினையும் இருந்தது, வங்கியின் பெயரும் இருந்தது. இல்லாதவை இரண்டே: அதனைக் கொடுத்துப் பண்டம் வாங்கக்கூடிய ஒரு சந்தையும், அதன் வாக்குக்குப் பொறுப்பேற்கும் ஓர் அரசும். இவ்விரண்டையும் அந்தக் குடும்பங்கள் உயிரைப் பணயம் வைத்துத் தேடிச் சென்றன. கடதாசிக்குப் பணத்தின் தகுதியை அளிப்பவை அவையே. அழகிய அச்சு அன்று.