குழாயில் வரும் குடல் ஒட்டுண்ணிகள்

வயிற்றில் பூச்சி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது உருளைப்புழுதான். அது மண்ணை நம்பிப் பிழைப்பது. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் தொற்றும். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம், சீதபேதி தரும் அமீபா ஆகிய ஒற்றைச்செல் உயிரிகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மலத்தோடு வெளிவந்ததுமே அடுத்த வயிற்றுக்குத் தயார். ஜியார்டியாவின் ஓடு போர்த்திய சிஸ்டுகள் பத்து உள்ளே போனாலே போதும். நெரிசலான நகரம் இவற்றுக்கு வாகான இடம்.

கொல்கத்தா பேலியாகட்டாவில் உள்ள, 1962-இல் காலரா ஆய்வு மையமாகத் தொடங்கிய தேசிய நிறுவனம், வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் இந்த மூன்றையும் கண்டிருக்கிறது.

அதே நகரில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். ஹூக்ளி ஆற்று நீர் சுத்திகரிக்கப்பட்டுத்தான் நகருக்குள் வருகிறது. வம்பு அதற்குப் பிறகுதான். தண்ணீர் நேரம் வைத்து விடப்படுவதால், நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். விரிசல் விட்ட இணைப்பு அருகில் ஓடும் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். பழைய வீடுகளின் தரைத்தொட்டியில் மூடி சரியாக இல்லையென்றால் மழைக்காலத்தில் தெருவெள்ளமும் கலக்கும். அங்கிருந்து மோட்டார் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிடும்.

குளோரின் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள முடியாது. கிரிப்டோஸ்போரிடியம் வழக்கமான அளவு குளோரினுக்கு மசியாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரித்த குழாய்நீரிலேயே அது நுழைந்து, சுமார் நான்கு லட்சம் பேரைப் படுக்கவைத்தது. ஆனால் கொதிக்கவைத்தால் அது பிழைக்காது; தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

காய்கறியும் ஒரு வழி. நகரின் கிழக்கே தாபாவில் கழிவுநீர் பாயும் நிலங்களில் விளையும் கீரையும் காலிஃபிளவரும் கொல்கத்தா சந்தைகளுக்கு வருகின்றன. அங்கே உருளைப்புழுவுக்கும் மண் கிடைத்துவிடுகிறது. வேகவைத்தால் பயமில்லை, பச்சையாக அரைக்கும் மல்லிச் சட்னிக்குத்தான் தழையை நன்றாக அலச வேண்டும். மேலே கொட்டும் தாளிப்பு இந்த வேலையைச் செய்யாது.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் குழந்தைகளுக்குத் தரும் அல்பெண்டசோல் மாத்திரை புழுக்களுக்கானது. ஒரு மாத்திரையில் ஜியார்டியா போகாது. உப்புசம், எண்ணெய்ப்பிசுக்கோடு நாறும் மலம், மெலிவு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மலப் பரிசோதனை அவசியம். சிஸ்டுகள் தினமும் வெளியேறுவதில்லை. அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது.