காலத்திற்குக் கூலியா, பயனுக்கு ஊதியமா?

கூலி, ஊதியம் என்னும் இரு சொற்களும் இன்று ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்குகின்றன. ஆயினும் திருக்குறளில் இவை வெவ்வேறு பொருளுடையன. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வரும் கூலி, உடல் வருந்தி முயன்றதற்குக் கிடைக்கும் பயனைக் குறிக்கின்றது. புகழ் அதிகாரத்தில் வரும் ஊதியமோ இலாபத்தைக் குறிக்கின்றது. ஒன்று உழைப்பின் அளவைப் பார்ப்பது. மற்றொன்று விளைந்த நன்மையைப் பார்ப்பது. திறமுடைய தொழிலாளர் தம் பணிக்கு எவ்வாறு விலை கூறவேண்டும் என்னும் வினா, இவ்விரு சொற்களுக்கும் இடையே நிற்பதாகும்.

பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாசில் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972ஆம் ஆண்டில், மலேசியாவின் முதல் தடையற்ற வாணிக வட்டாரம் இங்கு அமைந்தது. இண்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் தொடக்கத்திலேயே வந்தன. அவற்றைச் சுற்றி, பொறிகளுக்கு உறுப்புச் செய்வோரும் பழுது பார்ப்போருமான சிறு பட்டறைகள் வளர்ந்தன. தொழில்நுட்பம் பயிற்றுவதற்காக 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் நிறுவப்பெற்றது. மாதச் சம்பளத்திற்குப் பல்லாண்டு உழைத்து, பின்னர்ச் சொந்தப் பட்டறை வைக்கும் ஒருவர் முதலில் திகைப்பது விலை கூறும் இடத்திலேதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தொழிற்சாலையில் ஒரு பொறி நின்றுவிடுகின்றது. மணிக்கு 60 வெள்ளி என்று கட்டணம் வைத்திருக்கும் இருவரில் ஒருவரை அழைக்கவேண்டும். புதியவர் வந்தால், ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் பார்த்து, ஐந்து மணி நேரத்தில் சரிசெய்வார். அவருக்குக் கிடைப்பது 300 வெள்ளி. முப்பதாண்டுப் பழக்கமுடையவர் வந்தால், ஓசையைக் கேட்ட அளவிலேயே பழுதை அறிந்து, இருபது நிமிடத்தில் முடிப்பார். அவருக்குக் கிடைப்பது 20 வெள்ளி. தொழிற்சாலைக்கோ, பின்னவரால் ஏறக்குறைய ஐந்து மணி நேர உற்பத்தி காக்கப்படுகின்றது. மிகுந்த நன்மை செய்தவர் குறைந்த பொருள் பெறுகின்றார். மணிக்கணக்கின் பெருங்குறை இதுவே. அது திறமைக்குத் தண்டம் விதித்து, தாமதத்திற்குப் பரிசளிக்கின்றது.

இதே வழக்கு இலண்டன் நீதிமன்றத்திலும் ஒருமுறை எழுந்தது. விசிலர் என்னும் ஓவியர் தம் படம் ஒன்றிற்கு 200 கினி விலை வைத்தார். ரஸ்கின் என்னும் திறனாய்வாளர் அதனை 1877இல் இழித்து எழுதவே, ஓவியர் வழக்குத் தொடுத்தார். 1878இல் நடந்த விசாரணையில், இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு விலை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவினார். அன்று, வாழ்நாள் முழுதும் தேடிய அறிவுக்கே அவ்விலை என்னும் கருத்துப்பட ஓவியர் விடையளித்தார். தீர்ப்பு அவர்க்குச் சார்பாக வந்தது. ஆயினும் கிடைத்த இழப்பீடு ஒரு பார்த்திங் காசு மட்டுமே. நியாயம் உணரப்பட்டது, ஆனால் பணம் வரவில்லை. கைத்தொழிலாளர் பலருடைய கதையும் இதுவே.

அங்ஙனமாயின் பயனைக் கொண்டே விலை கூறலாமே எனின், அதிலும் இடர் உண்டு. நகைக்கடையை நோக்குக. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் நகை வாங்கும் தமிழர் எவரும் செய்கூலி, சேதாரம் என்னும் சொற்களை அறிவர். செய்கூலி என்பது வேலைக்கு உரியது. சேதாரம் பொன்னின் எடையில் இத்தனை பங்கு என்று கணக்கிடப்படுவது. பொன் விலை இரு மடங்கானால் சேதாரத்தின் பண மதிப்பும் இரு மடங்காகும். பொற்கொல்லரின் உழைப்பு மட்டும் முன்போன்றதே. மலேசியாவில் வீடு விற்கும் பத்திரத்திற்கு வழக்கறிஞர் பெறும் கட்டணமும் சொத்தின் விலையை ஒட்டி அட்டவணைப்படி அமைகின்றது. பொருளின் மதிப்பு வேறு, தொழிலாளர் சேர்த்த மதிப்பு வேறு என்பதை இம்முறைகள் முற்றும் பிரித்தறிவதில்லை.

மேலும், இடுக்கண் மிகுந்த வேளையில் பயனின் மதிப்பு அளவிறந்து உயரும். நள்ளிரவில் வெள்ளம் புகுந்த வீட்டில் மின்கம்பியாளரின் உதவிக்கு உரியவர் எதையும் கொடுக்கத் துணிவார். அத்துணிவையே விலையாகக் கொள்வது தொழிலறம் ஆகாது. வழக்கில் வென்றால் கிடைக்கும் தொகையில் பங்கு பெறும் ஒப்பந்தத்தை மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் தடை செய்கின்றது. பயனில் பங்கு என்னும் கொள்கைக்கு எல்லை வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வினாவின் வேர் எதுவெனின், இடரை யார் சுமப்பது என்பதேயாகும். மணிக்கணக்கில் வேலை நீண்டால் நட்டம் வாங்குவோர்க்கு. விளைவுக் கணக்கில் வேலை கெட்டால் நட்டம் செய்வோர்க்கு. மலாயாத் தமிழர் இதனை நூலில் கற்கவில்லை. இரப்பர்த் தோட்டத்தில் பட்டு அறிந்தனர். பால் எடைக்குத் தக்க கூலி என்றால், மழையில் மரப்பட்டை நனைந்த நாளில் வெட்டும் இல்லை, வருவாயும் இல்லை. மரம் இலையுதிர்க்கும் பருவத்தில் பாலும் குறையும். இவற்றுள் எதுவும் வெட்டுபவரின் குற்றமன்று. கொரியப் போர்க்காலத்தில் ஏறிய இரப்பர் விலை பின்னர்ச் சரிந்தபோது, விலையோடு பிணைந்திருந்த கூலியும் சரிந்தது. 1954இல் தோன்றிய தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் கூலிப் பேச்சுகளில் பல்லாண்டு போராட நேர்ந்ததன் பொருளை இங்கே உணரலாம். உலகச் சந்தை தன் கையில் இல்லாத ஒருவரிடம் அச்சந்தையின் இடரை ஏற்றுவது நேர்மையன்று.

எண்ணிக்கைக் கூலிக்கு உடற்கேடும் உண்டு. அதில் நல்ல வருவாய் கிடைத்தால் தொழிலாளர் அளவுக்கு மீறி உழைத்துத் தம் உடலைக் கெடுத்துக்கொள்வர் என்று ஆதம் சுமித் 1776இலேயே எச்சரித்தார். இலண்டன் தச்சரின் முழு வலிமை எட்டாண்டுக்கு மேல் நிலைப்பதில்லை என்னும் அக்கால நம்பிக்கையையும் அவர் குறித்துள்ளார்.

மலேசியச் சட்டம் இவ்விரு கொள்கைகளையும் ஒருவாறு இணைக்கின்றது. 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த ஆணை மாதத்திற்கு 1,700 வெள்ளியைக் குறைந்த சம்பளமாக வகுத்தது. எண்ணிக்கை, எடை, கழிவுத்தொகை ஆகியவற்றின்படி சம்பளம் பெறும் தொழிலாளர்க்கும் அத்தொகையே அடிவரம்பு. அவ்வரம்பு பிறரிடம் வேலைக்கு அமர்ந்தவர்க்கே உரியது. சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்க்குத் தாமே வகுத்துக்கொள்ளும் வரம்பன்றி வேறு காப்பு இல்லை.

அவர் என் செய்வது? முடிவு இன்னதென்று முன்கூட்டி அறியக்கூடிய பணிக்கு, நேரத்தைச் சொல்லாமல் பணிக்கே ஒரு விலை பேசி முடிப்பது நன்று. விரைந்து முடித்தால் அந்த நன்மை செய்தவர்க்கே சேரும். பழுது எங்கேயென்று அறிய முடியாத பணிக்கு மணிக்கணக்கே ஏற்றது. ஆனால் வந்து பார்ப்பதற்கென ஒரு குறைந்த கட்டணமும், இதற்குமேல் போகாது என்னும் மேல்வரம்பும் முதலிலேயே கூறப்படவேண்டும். காக்கப்படும் இழப்பு பெரிதாகவும் இரு தரப்பாரும் அளக்கக்கூடியதாகவும் இருப்பின், பயனை ஒட்டி விலை கேட்பதில் தவறில்லை. அவ்விலையும் இடர் வருமுன்னரே, ஆண்டு ஒப்பந்தமாகப் பேசப்படுதல் வேண்டும். இம்மூன்றிலும் தம் பிழையால் வரும் மறுவேலைக்குக் கட்டணம் கேட்பது பொருந்தாது.

எந்த முறையாயினும் அடிப்படைக் கணக்கு ஒன்று தேவை. கருவி, வாடகை, பயணம், வேலையில்லாத நாள், நோய், முதுமை ஆகியவை எல்லாம் மணிக்கு எத்தனை வெள்ளியாகும் என்பதை அறியாதவர், பயனைக் கொண்டு விலை கூறினாலும் நட்டப்படுவார். வாடிக்கையாளரிடம் அக்கணக்கைக் காட்டவேண்டியதில்லை. தம்மளவில் அறிந்திருந்தால் போதும். எட்டாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதுமானது. தொழிற்கல்விக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கு ஆசிரியர் இதனைக் கற்பிக்கலாம். கைத்திறனைக் கற்ற இளைஞர் பலர் விலை கூறக் கூசி, இருபது நிமிட வேலைக்கு இருபது வெள்ளி வாங்கிச் செல்கின்றனர். அந்த இருபது நிமிடத்திற்குப் பின்னால் முப்பதாண்டு இருக்கின்றது என்பதை முதலில் அவர்களே நம்பவேண்டும்.