புண்ணுக்குள் ஒரு சாரம்

முட்டி சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குக் கட்டுப் போட விடமாட்டார்கள் வீட்டுப் பெரியவர்கள். "காத்தாட விடு, சீக்கிரம் பொருக்குத் தட்டும்" என்பார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் இதைப் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். காற்றாட விட்ட காயங்களைவிட, பாலித்தீன் தாளால் மூடி ஈரம் காத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. பொருக்கு உலர்ந்து இறுகினால், புதிய தோல் செல்கள் அதன் அடியில் குடைந்துகொண்டுதான் நகர வேண்டும்.

ஆனால் ஈரம் மட்டும் எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடாது. காயத்துக்கு ஓடிவரும் மேக்ரோஃபேஜ் செல்கள் முதலில் கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. பிறகு குணம் மாறி, புதுத் திசு வளரவும் ரத்தக் குழாய்கள் முளைக்கவும் சமிக்ஞை தருகின்றன. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் இந்த மாற்றம் சரிவர நடப்பதில்லை. இடிபாடு அள்ளும் வேலையே ஓயாதபோது கொத்தனார் எங்கே வருவது?

அமெரிக்காவில் டாட்டியானா செகூரா, டினோ டி கார்லோ, பிலிப் ஸ்கம்பியா ஆகியோரின் குழு 2015இல் ஒரு ஜெல்லை அறிமுகப்படுத்தியது. ஜவ்வரிசியை மிக நுண்ணியதாக்கியது போன்ற ஜெல் மணிகளைக் காயத்தில் நிரப்பி, ஒன்றோடொன்று ஒட்ட வைத்தார்கள். மணிகளின் இடைச்சந்துகளில் செல்கள் புகுந்து வளர்ந்தன. கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல.

திசு முழுமையாக வளரும்வரை சாரம் கரையாமல் நிற்க வேண்டுமே! ஜெல்லைப் பிணைக்கும் பெப்டைடுகளில், இயற்கையின் இடக்கை வடிவ அமினோ அமிலங்களுக்குப் பதிலாக அவற்றின் கண்ணாடி பிம்பமான வலக்கை வடிவத்தைச் சேர்த்தார்கள். நொதிகளால் அவற்றை எளிதில் வெட்ட முடியாது. சோதனைக் குழாயில் கணக்குச் சரியாகவே இருந்தது. எலியின் காயத்திலோ ஜெல் முன்னைவிட வேகமாகக் கரைந்தது!

காரணம், நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த வலக்கை வடிவை அந்நியமென்று அடையாளம் கண்டுகொண்டதுதான். ஆனால் காயம் கெடவில்லை. வழக்கமான தழும்பில் முளைக்காத மயிர்க்கால்கள் முளைத்தன, தோலும் உறுதிப்பட்டது. எதிர்ப்பு மண்டலத்தின் பி, டி செல்கள் இல்லாத எலிகளில் இந்தப் பலன் கிட்டவில்லை. 2021இல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழ் இதைப் பதிவு செய்தது.

எலியின் தோல் சுருங்கியே காயத்தை மூடிக்கொள்ளும். நம் தோல் அப்படியல்ல. எனவே எலியில் பலித்தது நமக்கும் பலிக்குமென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உடலுக்கு உறுத்தாத பொருளே நல்ல கட்டு என்ற எண்ணத்தை இந்தச் சோதனை அசைத்திருக்கிறது. அளவோடு உறுத்தினால், உடல் தானே வேலையில் இறங்குகிறது.