செத்த கட்டையும் உயிருள்ள பட்டையும்
(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)



பொன்சாய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, தட்டையான தொட்டியில் நிற்கும் குட்டி ஆலமரம்தான். ஆனால் ஜப்பானியர்கள் தங்கள் பொன்சாய்களில் பெருமையாகக் காட்டும் மரங்களில் ஒன்று ஜூனிப்பர். முதல்முறை அதன் படத்தைப் பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். ஏனென்றால் பாதி மரம் செத்துக் கிடக்கும்! எலும்பு மாதிரி வெளுத்த கட்டை முறுக்கிக்கொண்டு மேலே போகும். அதன் ஓரமாக விரல் அகலத்துக்குச் செம்பழுப்பில் ஒரு பட்டை ஓடும். உச்சியில் இருக்கிற பச்சை முழுவதற்கும் அந்த ஒரு விரல் பட்டைதான் சோறு போடுகிறது.

"செத்த மரத்தை எதுக்குடா தொட்டியில வச்சுத் தண்ணி ஊத்துறாங்க?" என்று என் லேப் பேட்ச் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். உளி, பிளையர், அரம் பிடித்துப் பழகிய நமக்கு இந்தக் கலை மற்றவர்களைவிடச் சுலபமாகக் கைவரும் என்பது என் எண்ணம். ஆனால் இரும்பில் தப்பாக வெட்டினால் வேறொரு பீஸ் வாங்கிக்கொள்ளலாம். இங்கே தப்பாக வெட்டினால் ஒரு உயிர் போய்விடும். அதனால் எங்கே வெட்டக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

மலையில் நடந்தது

இந்த வடிவத்தை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. செங்குத்தான பாறையில் வளரும் ஜூனிப்பரின் கிளையைப் பனிப்பாரம் முறிக்கிறது, இடி பிளக்கிறது, மேலிருந்து உருளும் கல் பட்டையை உரிக்கிறது. முறிந்த இடம் காய்ந்து, வெயிலில் வெளுக்கிறது. வேறு மரமாக இருந்தால் அந்தக் கட்டை சில வருடத்தில் மக்கிப் போகும். ஜூனிப்பர் கட்டையில் பிசினும் வாசனை எண்ணெயும் அதிகம். பூஞ்சையும் பூச்சியும் லேசில் நெருங்காது. ஆகவே செத்த பகுதி நூற்றாண்டுகள்கூட நிற்கும். உயிருள்ள பகுதி அதன் பக்கத்திலேயே தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

செத்த கிளையை ஜப்பானியர் 'ஜின்' என்பார்கள். நடுமரத்தில் பட்டை போய் வெளுத்துத் தெரியும் பகுதி 'ஷாரி'. 'ஷிம்பாகு' என்ற ஜூனிப்பர் வகைக்காகச் சென்ற நூற்றாண்டில் கயிறு கட்டி மலைச்சரிவுகளில் இறங்கி மரம் பிடுங்கினார்கள். நிகாட்டா மாகாணத்து இடோய்கவா பகுதி இதற்குப் பேர்போனது. பிடுங்கிப் பிடுங்கி மலையில் இப்போது அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. அதனால் தோட்டத்தில் வளர்த்த செடியில் கையால் ஜின்னும் ஷாரியும் செய்யும் முறை பெருகியது. 1923 பூகம்பத்தில் டோக்கியோ அழிந்த பிறகு, அங்கிருந்த பொன்சாய் தோட்டக்காரர்கள் வடக்கே நகர்ந்து, 1925ல் ஓமியா என்ற இடத்தில் ஒரு கிராமத்தையே உருவாக்கினார்கள். 2010ல் அங்கே பொன்சாய்க்கென்றே ஒரு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. 1940ல் பிறந்த மசாஹிகோ கிமுரா என்ற கலைஞர், சிறு மின்கருவிகளால் செத்த கட்டையைச் செதுக்கி உலகப் புகழ் பெற்றார். கிரைண்டர் பிடித்தால் அது பொன்சாயா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு!

தண்ணீர் லைன் தெரியாமல் கை வைக்காதீங்க

மரத்தில் வேரிலிருந்து தண்ணீர் மேலே போவது கட்டையின் வெளிப்புற அடுக்கு வழியாக. இலை சமைத்த உணவு கீழே வருவது பட்டையின் உட்புறம் வழியாக. இரண்டுக்கும் நடுவே காகிதம் போல மெல்லிய வளரும் அடுக்கு ஒன்று இருக்கிறது. நடுக்கட்டை வெறும் தூண்தான். எனவே பட்டையும் அதை ஒட்டிய சில மில்லிமீட்டரும் இருந்தாலே மரம் பிழைக்கும். ஷாரி சாத்தியமாவதே இதனால்தான்.

ஆனால் ஜூனிப்பரிடம் ஒரு விசேஷம். இதில் ஒரு வேருக்கு நேர் மேலே இருக்கும் கிளைக்குத்தான் அந்த வேரின் தண்ணீர் பெரும்பாலும் போகும். ஆலமரத்தில் ஒரு பக்கம் அடைபட்டால் இன்னொரு பக்கத்திலிருந்து சுலபமாகச் சமாளித்துக்கொள்ளும். ஜூனிப்பரில் வீட்டுக்கு வீடு தனி லைன். உங்கள் தெரு லைனை வெட்டிவிட்டுப் பக்கத்துத் தெருவில் தண்ணீர் வருகிறதே என்று சந்தோஷப்பட முடியுமா? இந்த லைன் நேராகவும் போகாது, மரத்தின் முறுக்கோடு சுற்றிக்கொண்டு போகும். வேரிலிருந்து கிளைவரை விரலால் தடவிப் பார்த்தால் உயிருள்ள பகுதி கொஞ்சம் புடைத்திருக்கும், செத்த பகுதி பள்ளமாகவோ தட்டையாகவோ இருக்கும். வெளிப்பட்டையின் உதிரும் செதில்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் உள்ளே செம்பழுப்பு நிறம் தெரியும். அந்த வழியைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மார்க்கிங் செய்யாமல் ஹேக்ஸாவை எடுத்தால் ஃபிட்டிங் ஷாப்பில் என்ன திட்டு விழும்? அதே சட்டம்தான் இங்கேயும்.

இன்னொரு விஷயம். ஜூனிப்பர் கண்ணை ஏமாற்றும். டிசம்பரில் ராயபுரத்து வீடுகளில் கிறிஸ்துமஸுக்காக வெட்டி வைத்த சவுக்குக் கிளை வேரே இல்லாமல் சில நாள் பச்சையாக நிற்கிறதல்லவா? ஜூனிப்பர் அதையும் மிஞ்சும். வேர் அழுகிச் செத்த பிறகும் இலை பல வாரங்கள் பச்சை காட்டும். "நல்லாத்தானே இருக்கு" என்று தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம், அது போய் ஒரு மாசம் ஆகியிருக்கும். பச்சையாகத் தெரிவது உயிரோடு இல்லை, கருவாடு மாதிரி கிடக்கும் கட்டையின் ஓரத்தில் உயிர் ஓடுகிறது. இந்த மரத்தில் கண்ணை நம்பாமல் நகத்தை நம்ப வேண்டும். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமும் பச்சையும் இருந்தால் உயிர் இருக்கிறது. நுனிகள் புதிதாகத் தளிர்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்ல அடையாளம்.

வேலை ஆரம்பம்

முதலில் எந்தக் கிளை வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். அதை அடியோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், அதுதான் ஜின் ஆகப்போகிறது. கிளையின் அடியில் கத்தியால் சுற்றி வெட்டி, பட்டையைப் பிளையரால் நசுக்கினால் வாழைத்தண்டுப் பட்டை போல உரிந்து வரும். அடுத்ததுதான் முக்கியம். நுனியை ரம்பத்தால் சீவிக் கூராக்காதீர்கள், பென்சில் மாதிரி ஆகிவிடும். நுனியில் லேசாகப் பிளந்து, ஒவ்வொரு நாராகப் பிளையரில் பிடித்துக் கீழ்நோக்கிக் கிழியுங்கள். நார் தன் வழியில்தான் கிழியும். மலையில் காற்று முறித்தது போலவே இருக்கும், கருவி பட்ட தடமும் தெரியாது. மிச்சமிருக்கும் பிசிறுகளை ஒயர் பிரஷ்ஷால் நார்ப்போக்கிலேயே தேய்த்தால் போதும்.

ஷாரியை ஜின்னிலிருந்து தொடங்கிக் கீழே கொண்டு வருவது வழக்கம். செத்த கிளைக்குக் கீழே இருந்த லைனுக்கு இனி வேலை குறைவு என்பதால் அங்கே உரிப்பதில் ஆபத்தும் குறைவு. முதல் வருடம் ஒரு கோடு போல மட்டும் எடுங்கள். மரம் ஓரங்களில் புடைத்து வளர்ந்து தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகு, அடுத்த வருடம் கொஞ்சம் அகலம். ஒரே நாளில் பாதி மரத்தை உரித்து போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் களிமண்ணில் பொம்மை செய்யப் போகலாம்.

பச்சை விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டும். ஜூனிப்பரின் பலம் இலையில்தான். ஒரு கிளையில் பச்சை முழுவதையும் எடுத்துவிட்டால் அந்த மொட்டைக் கட்டையில் மறுபடி துளிர்ப்பது அரிது, கிளை காய்ந்துவிடும். அளவுக்கு மீறி வெட்டினால் வழவழப்பான செதில் இலைக்குப் பதில் குத்துகிற ஊசி இலையை விட ஆரம்பிக்கும். அதற்குக் கோபம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

கம்பிக் கட்டு

கிளையை வளைக்கக் கம்பி சுற்ற வேண்டும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அலுமினியம் போதும். ஜூனிப்பருக்கு நல்லது செம்புதான். காயலான் கடையில் பழைய வீட்டு ஒயரிங் செம்பு எடைக்குக் கிடைக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவி எடுங்கள். எரித்து எடுக்கவே கூடாது, அந்தப் புகை விஷம். கம்பியின் கனம் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுக்கணக்கு. 6 மில்லிமீட்டர் கிளைக்கு 2 மில்லிமீட்டர் கம்பி, அதாவது ஏறக்குறைய 14 கேஜ்.

இங்கே நம் மெட்டலர்ஜி பாடம் உதவும். செம்பை வளைக்க வளைக்க அது கெட்டிப்படும். அதற்கு ஒர்க் ஹார்டனிங் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறோம். வாங்கிய கம்பி ஏற்கெனவே கெட்டியாக இருந்தால் சுற்றும்போது கிளைதான் உடையும். அதனால் கம்பியை இருட்டான இடத்தில் அடுப்பில் காட்டி, மங்கலான சிவப்பு தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். உடனே தண்ணீரில் போட்டாலும் பரவாயில்லை, எஃகு மாதிரி இது கெட்டிப்படாது. இப்படி அனீல் செய்த கம்பி நூல் மாதிரி வளையும். கிளையில் சுற்றி வளைத்ததும், அந்த வளைப்பிலேயே மறுபடி கெட்டிப்பட்டுக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். சாமானியமான செம்பில் எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

45 டிகிரிக் கோணத்தில் சுற்றுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி வரும்படி அமைய வேண்டும். பீமை வளைத்தால் வெளி நார் இழுபடும், உள் நார் அமுங்கும் என்பது தெரியும்தானே? கிளை பிளப்பது அந்த இழுபடும் பக்கத்தில்தான். தடித்த கிளையாக இருந்தால் ஈரச் சணலை முதலில் இறுக்கிச் சுற்றிவிட்டு அதன்மேல் கம்பி. ஜூனிப்பர் கட்டை வளைவை நிரந்தரமாக ஏற்க ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை மாதம் ஒருமுறை பாருங்கள். பட்டையில் பதிய ஆரம்பித்தால் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றிய வழியே பிரித்தால் கிளை முறியும்.

வெளுப்பு

செத்த கட்டையின் அந்த வெண்மைக்குக் காரணம் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய லைம் சல்ஃபர், அதாவது கால்சியம் பாலிசல்ஃபைடு கரைசல். பழத்தோட்டங்களில் பூஞ்சைக்கு அடிக்கும் பழைய மருந்துதான் இது. நம் மணலி சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அந்தக் கந்தகம்தான் இதற்கும் மூலப்பொருள். கட்டையை நனைத்துவிட்டு பிரஷ்ஷால் பூச வேண்டும். முதலில் ஆரஞ்சு மஞ்சளாக அசிங்கமாக இருக்கும். வெயில் பட்டதும் வெளுக்கும். பூஞ்சையையும் தடுக்கும். கண்ணைப் பறிக்கும் வெள்ளை பிடிக்காதவர்கள் கருப்பு மையில் ஒரு சொட்டு கலப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

நாற்றம் மட்டும் கெமிஸ்ட்ரி லேபின் அழுகிய முட்டை நாற்றம், அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. மொட்டை மாடியில் வைத்துப் பூசுங்கள், கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். எந்த அமிலமும் கிட்டே வரக்கூடாது. அமிலம் பட்டால் அந்த விஷவாயு மொத்தமாகக் கிளம்பும். உயிருள்ள பட்டையிலும் மண்ணிலும் சிந்தாமல் பாலிதீன் கட்டி மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சும் வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம், தயாராக வருவதை வாங்குங்கள்.

நம்ம ஊரில் முடியுமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜூனிப்பர் குளிர் நாட்டு மரம், வருடத்தில் சில மாதம் குளிர்ந்து ஓய்வெடுக்க விரும்பும். சென்னையின் மார்கழி இரவே சுமார் 20 டிகிரி. நர்சரிகளில் பெங்களூரு, ஊட்டிப் பக்கமிருந்து வரும் செடிகள் கிடைக்கின்றன. படர்ந்து வளரும் புரோகம்பன்ஸ் வகை ஜப்பானியக் கடலோரத்தைச் சேர்ந்தது, ஆகவே உப்புக்காற்றை ஓரளவு தாங்கும். கத்திரி வெயிலில் மதியத்துக்கு மேல் நிழல் கொடுங்கள். மண்ணுக்குப் பதிலாகச் சலித்த செங்கல் துண்டும் பொடி ஜல்லியும் அதிகம் போடுங்கள். ஐப்பசி மழையில் தொட்டியில் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கக்கூடாது. இவ்வளவு செய்தாலும் அங்கே போல வேகமாக வளராது. ஆகவே உரிப்பதும் வெட்டுவதும் அங்கே செய்வதில் பாதிதான் இருக்க வேண்டும்.

கை பழக நம்மிடமே மரம் இருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர் காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம்! கட்டை இரும்பு மாதிரி. எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். மனைக்காரரிடம் கேட்டால் "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போப்பா" என்பார். முள்ளுக்கு மட்டும் பயப்படுங்கள். அதற்கடுத்து புளி. அதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் ஜின் நெடுநாள் நிற்கும். ஆல், அரசு வேண்டாம், அந்தக் கட்டை சீக்கிரம் மக்கிவிடும். கிழிப்பதைப் பழகுவதற்கு மட்டும் என்றால் காசிமேட்டில் படகு கட்டும் இடத்தில் விழும் கழிவுக் கட்டையே போதும். கடலோரத்தில் ஜூனிப்பருக்கு நிகராக முறுக்கிக்கொண்டு வளரும் பெம்ஃபிஸ் என்ற புதர்மரம் ஒன்று உண்டு. இந்தோனேசியர்கள் அதில் அற்புதம் செய்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் அது வளர்கிறது. ஆனால் அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு குச்சிகூட எடுக்கக்கூடாது. ஜப்பான் மலைக்கு நடந்தது நம் தீவுக்கு வேண்டாமே.

எந்த மரமானாலும் ஷாரியின் அடி மண்ணைத் தொடாமல் பாருங்கள். நம் ஊர் ஈரத்திலும் கரையானிலும் முதலில் அழுகுவது அந்த இடம்தான். வெளுப்பு மருந்தை வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியில் ஒன்றும் மழைக்கு முன்னால் ஒன்றுமாகப் பூசலாம். வெட்டிச் செதுக்கிய வருடத்திலேயே தொட்டி மாற்றாதீர்கள், இரண்டு அடியை ஒரே சமயத்தில் அது தாங்காது. செதுக்கும் வேலைக்குச் சரியான காலம் மழை ஓய்ந்த மார்கழி, தை. நமக்கும் அதற்குள் அக்டோபர் தேர்வு முடிந்து கை சும்மா இருக்கும்.