விரலிக்குள் ஒரு கணினி

ஈப்போ வட்டாரத்தில் எந்தத் தாமானுக்குப் போனாலும் அலமாரி மேல் தூசி படிந்த மடிக்கணினி ஒன்றைப் பார்க்கலாம். நோய்த்தொற்றுக் காலத்தில் இணைய வகுப்புக்காக அலைந்து பிடித்ததாக இருக்கும். ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால், “அது செத்துப்போச்சு” என்பார்கள். திரை எரிகிறது, விசைப்பலகை தட்டுகிறது, வட்டு சுற்றுகிறது. அப்புறம் செத்தது எது?

பெரும்பாலும் ஒரு தேதிதான் அதைச் சாகடித்திருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டுத் தவணை. சரி, விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். 2016இல் தயாரான நல்ல கணினி வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறது. அதே கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் தாராளமாக ஓடும். அது கேட்பது குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம். 4 இருந்தால் சௌகரியம்.

சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டு மடிக்கணினியில் மின்ட் போட உட்கார்ந்தபோது அக்கா மகள் கேட்ட முதல் கேள்வி: “மாமா, உள்ள இருக்கிற படமெல்லாம் போயிடுமா?” இயங்குதளம் மாற்றப் போகும் எல்லாருக்கும் உள்ள பயம் அதுதான். ஆனால் இந்த வேலையில் எனக்கு இன்னும் வியப்புத் தீராத பகுதியும் அங்கேதான் இருக்கிறது. வட்டைத் தொடாமலேயே புது இயங்குதளத்தை முழுசாக ஓட்டிப் பார்க்கலாம்.

மின்ட் தளத்திலிருந்து இறங்கும் கோப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட். அதை யுஎஸ்பி விரலிக்குள் சும்மா நகலெடுத்துப் போட்டால் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது. ரூஃபஸ், எட்ச்சர் போன்ற செயலி வழியாகத்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அது ஒரு வட்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, பிரிவுகளோடு சேர்த்து, அப்படியே படியெடுத்த பிம்பம். எழுதும்போது விரலியில் முன்பிருந்தவை எல்லாம் அழியும். கல்யாணப் படங்கள் இருக்கும் விரலியை இதற்கு எடுக்கக் கூடாது.

எழுதுவதற்கு முன் பலரும் தாண்டிவிடும் ஒரு படி உண்டு. கோப்பு முழுவதையும் ஷா-256 என்ற கணக்கில் போட்டால் 64 இலக்கப் பதினறும எண் ஒன்று வரும்; தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். அந்த 3 ஜிகாபைட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், திருட்டுக் கதவு வைத்த பிம்பம் ஒன்றுக்குப் பயனர்களைத் திருப்பிவிட்டார்கள். தளத்தைக் கைப்பற்றியவன் அங்கே போட்டிருக்கும் எண்ணையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றலாம்தான். அதற்காகவே எண் பட்டியலுக்குத் தனியாக மின்கையொப்பமும் இடுகிறார்கள். அதையும் சரிபார்ப்பவர்தான் முழுசாக நம்பலாம்.

இனி விரலியைச் செருகிப் பொத்தானை அழுத்துவோம். முதலில் விழிப்பது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. தாய்ப்பலகையில் ஒரு சில்லுக்குள் குடியிருக்கும் யுஇஎஃப்ஐ என்ற நிலைபொருள் அது. நினைவகத்தை எழுப்பும், திரையை ஒளிரவைக்கும், ஃபேட் வகைக் கோப்புமுறையைப் படிக்கும். பெரிய வித்தை எதுவும் அதற்குத் தெரியாது. எந்தச் சாதனத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நாம் சொல்வது அதனிடம்தான். டெல், லெனோவோ வகைகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். உற்பத்தியாளர் முத்திரை தோன்றும் அந்த ஓரிரு விநாடிக்குள் விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் விண்டோஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்தால், கையொப்பம் இல்லாத நிரலை நிலைபொருள் உள்ளே விடாது. லினக்ஸ் உள்ளே வர ஷிம் என்ற குட்டி நிரல் இருக்கிறது. அதில் கையொப்பமிட்டிருப்பது மைக்ரோசாஃப்ட்! பரம வைரி என்று நாம் நினைக்கும் இருவருக்கும் இடையே நடைமுறை இவ்வளவு சமாதானமாக ஓடுகிறது.

ஷிம், கிரப் என்ற தொடக்க நிரலை அழைக்கும்; கிரப், லினக்ஸின் மையக்கருவான கெர்னலை நினைவகத்தில் இறக்கும். கெர்னல் சுருங்கிய நிலையில் வந்து, தன்னைத் தானே விரித்துக்கொண்டு எழுகிறது. எழுந்ததும் ஒரு சிக்கல்: விரலியைப் படிக்க இயக்கி வேண்டும், இயக்கியோ விரலிக்குள் இருக்கிறது. இதற்காகவே தேவையான இயக்கிகள் அடங்கிய சிறு கோப்புத் தொகுப்பு ஒன்றையும் கிரப் கூடவே நினைவகத்தில் வைத்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு கெர்னல் விரலியைத் திறக்கிறது.

விரலியில் இருக்கும் இயங்குதளம் படிக்க மட்டுமே முடிந்த, சுருக்கிய ஒரு கோப்பு. நீங்கள் அங்கே எதையாவது திருத்தினால் அந்தத் திருத்தம் நினைவகத்தில் மட்டும் எழுதப்படும். படிக்கும்போது கெர்னல் இரண்டையும் அடுக்கி ஒன்றாகக் காட்டும். மேசைத்திரை, உலாவி, பாட்டு, வைஃபை எல்லாம் வேலை செய்யும். கணினியை அணைத்தால் உங்கள் திருத்தங்கள் போய்விடும். விண்டோஸும் படங்களும் வட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். அக்கா மகள் கேட்டதற்கு இதுவே பதில். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும். சில பிராட்காம் வைஃபை சில்லுகள் தனி இயக்கி கேட்டு அடம்பிடிக்கும்.

“இவ்வளவையும் யார் சும்மா கொடுக்கிறாங்க?” என்று அக்கா கேட்டார். 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் கெர்னலை எழுதத் தொடங்கினார். 1992இல் அதை ஜிபிஎல் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். இன்டெல், கூகிள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து இதை வளர்க்கின்றன. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

பலர் கூடிப் பொதுவில் வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு சுங்கை சிப்புட்காரருக்குப் புதிதாக இருக்காது. வெள்ளைக்காரத் துரைமார் கித்தாத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, பால் வெட்டியவர்கள் வேலையும் லயமும் இழந்து நின்றார்கள். அதே ஊரைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தைத் தாங்களே வாங்கினார்கள். சொத்து பலருடையது, ஒருவர் முடிவால் துண்டாட முடியாது என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். நிலம் பங்கு போட்டால் குறையும், நிரல் எத்தனை படி எடுத்தாலும் குறையாது. அதனால் இங்கே பங்குப் பணமும் தேவைப்படவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பிலிருந்து உபுண்டுவும் உபுண்டுவிலிருந்து மின்ட்டும் கிளைத்தன. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பிடித்திருந்தால் நிறுவலாம். மேசைத்திரையில் உள்ள நிறுவல் சின்னத்தைச் சொடுக்கினால், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வைக்கவா, வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும். உண்மையில் பயப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான். வெளிவட்டில் படி எடுத்து வைக்காமல் இந்தத் திரையைத் தாண்டக் கூடாது. வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டியிருந்தால் மீட்புச் சாவியையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்குத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. ‘கொ’ என்று தட்டினால் கணினியில் சேமிக்கப்படுவது இரண்டு குறியீடுகள்: க, அதன்பின் ஒகரக் குறி. திரையில் மூன்று வடிவம் வர வேண்டும்; அதிலும் கொம்பு முன்னால், கால் பின்னால். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல். ஆண்ட்ராய்டும் குரோமும் இதே நிரலைத்தான் பயன்படுத்துகின்றன. ஆக, லினக்ஸ் என்ற பேரையே கேள்விப்படாத புந்தோங் பாட்டியின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கும் இதுவே காரணம். தட்டுவதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ்99ஐச் சேர்க்கலாம். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான அமைப்பு: உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் ஒலிப்பு முறையில் பழகியவர்களுக்கு ஐபஸில் ஒலிப்பு விசைமுறையும் உண்டு. ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றில்லை, விரல் சில நாள் தடுமாறும்.

எல்லாம் ஓடும் என்று சொல்லமாட்டேன். பள்ளிப் பாடத்துக்கான டெலிமா தளத்துக்கும் வருமான வரிப் படிவத்துக்கும் உலாவி போதும். லிப்ரே ஆபிஸ் பெரும்பாலான ஆவணங்களைத் திறக்கும், ஆனால் எக்செல் மேக்ரோக்களில் சறுக்கும். அத்தானின் கடைக் கணக்கு முழுவதும் அப்படிப்பட்ட மேக்ரோக்களில்தான் இருக்கிறது. அவருக்காக விண்டோஸைப் பக்கத்திலேயே விட்டுவைத்தோம். கணினியைத் திறக்கும்போது கிரப் இரண்டையும் பட்டியலிட்டுப் பத்து விநாடி காத்திருக்கும். அத்தான் விண்டோஸைத் தேர்ந்தெடுக்கிற நாட்களில் வைஃபையை மட்டும் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.