விருது வாங்கிய பொருள் என்றால் யோசிக்காமல் வாங்கலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் கலந்துகொண்டோம். சந்தா வசூல் முடிந்து கடன் பேச்சு வந்தது. நாலு பேர் ஒரே காரணத்துக்காக ஆளுக்கு 12,000 ரூபாய் கேட்டார்கள். பிள்ளைகள் படிப்புக்கு ஒரு பெட்டி வாங்க வேண்டுமாம். அதில் ஒரு டேப்லெட், பாட அட்டைகள், ஆங்கிலப் புத்தகங்கள் இருக்கும். ஏஜெண்ட் கொடுத்த நோட்டீஸில் தங்க நிறத்தில் ஒரு வட்டம் போட்டு, 'சர்வதேச விருது பெற்றது' என்று அச்சடித்திருந்தது.

"வெளிநாட்டுலயே விருது குடுத்திருக்காங்க. நாம என்னத்த சந்தேகப்படறது?" என்றார் ஒரு அக்கா.

குழுவின் கையிருப்பு 55,000 ரூபாய். நாலு கடனையும் கொடுத்துவிட்டால் 7,000 தான் மிச்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 15,000 கேட்டு இன்னொரு உறுப்பினர் மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன விருது? யார் கொடுத்தது? எந்த வருஷம்?" என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. நோட்டீஸிலும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட விருதுகள் எப்படிக் கொடுக்கப்படுகின்றன என்று இந்த மாதம் எழுதுகிறோம்.

பிரிட்டனில் நடக்கும் ஒரு விருது விழா

பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய புத்தகம், பெஞ்சு, விளையாட்டுச் சாமான், கம்ப்யூட்டர் பாடம் எல்லாம் விற்பது பிரிட்டனில் ஒரு பெரிய தொழில். அந்த வியாபாரிகளுக்கு 'பெசா' என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1933-இல் தொடங்கியது. உறுப்பினர்கள் நேர்மையாக நடக்க வேண்டும் என்று நடத்தை விதிகளும் வைத்திருக்கிறார்கள். இந்தச் சங்கம் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தி வந்த விழாதான் 'எஜுகேஷன் ரிசோர்சஸ் அவார்ட்ஸ்'. கல்விப் பொருள்களுக்கும், அவற்றை வழங்குகிறவர்களுக்கும், நல்ல ஆசிரியர்களுக்கும் அதில் விருது உண்டு. லண்டனில் 1985-இல் தொடங்கிய 'பெட்' என்ற கல்வித் தொழில்நுட்பக் கண்காட்சியை ஒட்டியும் இப்படி விருதுகள் கொடுக்கிறார்கள்.

நடக்கும் முறை இதுதான். நிறுவனம் தானாகவே விண்ணப்பம் போட வேண்டும். எங்கள் பொருள் இன்னது, இத்தனை பள்ளிகளில் இப்படிப் பயன்பட்டது என்று எழுதித் தர வேண்டும். கல்வித் துறையில் அனுபவம் உள்ளவர்கள் நடுவர்களாக இருந்து படித்துப் பார்த்து, ஒவ்வொரு பிரிவிலும் சிலரை இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு ஒரு ராத்திரி விருந்து வைத்து, மேடையில் வெற்றியாளர் பெயரை அறிவிப்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கான பொருள், ஆரம்பப் பள்ளிப் பொருள், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான பொருள் என்று பிரிவுகள் தனித்தனியாக இருக்கும்.

இதில் நல்லது இருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் இல்லாத சின்னக் கம்பெனியின் நல்ல பொருளும் வெளியே தெரிய வரும். வகுப்பறையை அறிந்தவர்கள் பார்ப்பதால் ஓரளவு நம்பிக்கையும் வரும். ஆகவே விருது என்றாலே ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை.

விருது சொல்லாத விஷயங்கள்

முதலாவது, விண்ணப்பம் போட்டவர்களுக்குள்தான் போட்டி. போடாதவர் பொருள் இதைவிட நன்றாக இருக்கலாம். இப்படிப்பட்ட விருதுகள் பலவற்றில் நுழைவுக் கட்டணமும் உண்டு. கட்டணம் கட்டினாலே விருது என்று அர்த்தமில்லை. ஆனால் கட்ட முடியாதவர் அந்த வரிசையிலேயே நிற்க மாட்டார்.

இரண்டாவது, 'விருதுக்கு விண்ணப்பித்தது', 'இறுதிச் சுற்றுக்கு வந்தது', 'வென்றது' மூன்றும் வேறு வேறு. நோட்டீஸில் மூன்றையும் ஒரே தங்க வட்டத்துக்குள் போட்டுவிடலாம்.

மூன்றாவது, அங்கே விருது பெற்ற பொருள் அந்த நாட்டுப் பாடத்துக்கும் அந்த நாட்டுப் பிள்ளைக்கும் செய்தது. நம் பிள்ளை படிப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நம் வீட்டுக் குழந்தைக்கு இது பொருந்துமா என்று எந்த நடுவரும் பார்க்கவில்லை.

அந்த நாட்டுக்காரர்களே விருதை மட்டும் நம்பி வாங்குவதில்லை. பள்ளிகள் மென்பொருளை முதலில் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குவதற்காக, அதே பெசா சங்கம் 'லெண்ட்எட்' என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நாமும் புடவையை விரித்துப் பார்த்துத்தானே எடுக்கிறோம்!

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. விருதின் பெயர், கொடுத்தவர், வருஷம், பிரிவு என்ன? எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

2. விருது இந்தப் பெட்டிக்கா, அல்லது அதே கம்பெனியின் வேறு பொருளுக்கா?

3. நம் பிள்ளையின் வகுப்புப் பாடம் இதில் இருக்கிறதா? பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

4. ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா? பில் உண்டா? ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது?

5. இதே விஷயம் இலவசமாகக் கிடைக்கிறதா? அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, புத்தகப் பை எல்லாம் விலையில்லாமல் தருகிறார்கள். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன. வகுப்பு ஆசிரியரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

பொய்யான விளம்பரம் செய்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பில்லும் நோட்டீஸும் கையில் இருக்கட்டும்.

நம் குழுவில் என்ன நடந்தது?

அங்கிருந்தே ஏஜெண்டுக்குப் போன் போட்டோம். விருதின் பெயரைக் கேட்டதும், "கேட்டுச் சொல்றேங்க மேடம்" என்றார். இதை எழுதும் வரை சொல்லவில்லை. பதில் வரும் வரை பெட்டிக் கடனைத் தள்ளிவைப்பது என்று குழு தீர்மானம் போட்டது. ஆஸ்பத்திரிக் கடன் அன்றைக்கே கொடுக்கப்பட்டது.

நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நாங்கதான் படிக்கல, புள்ளைக்காவது நல்லது வாங்கித் தரலாம்னு பாத்தேன்" என்றார். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஆசையைத்தான் தங்க வட்டம் குறி வைக்கிறது. அதனால்தான் கேள்வி கேட்கச் சொல்கிறோம்.

இந்தப் பக்கத்தை உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். உங்கள் ஊருக்கும் இப்படி நோட்டீஸ் வந்திருந்தால், அதைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.